நடைபாதைப் பராமரிப்பு நிதியை வார்டுகளுக்கு நியாயமாகப் பிரிப்பது எப்படி? சென்னையை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

மாநகராட்சி பட்ஜெட்டில் நடைபாதைக்கென்று ஒரு தொகை ஒதுங்கியதும் எழும் முதல் கேள்வி, எந்த வார்டுக்கு எவ்வளவு என்பதுதான். பெரும்பாலும் இதற்கு மூன்று வழிகளில் ஒன்றில் விடை கிடைக்கிறது. எல்லா வார்டுக்கும் சரிசமமாகக் கொடுப்பார்கள். அல்லது ஏற்கெனவே உள்ள நடைபாதையின் நீளத்தைப் பார்த்துக் கொடுப்பார்கள். அல்லது யார் அதிகம் புகார் செய்கிறார்களோ அவர்கள் தெருவை முதலில் எடுப்பார்கள். மூன்றும் பார்வைக்கு நியாயமாகவே தெரியும். ஆனால் மூன்றிலும், மோசமான பாதையில் தினமும் நடக்கும் மக்கள் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படுகிறார்கள்.

பாதை எவ்வளவு பழுது, அந்தப் பழுதின் மேல் எத்தனை பேர் கால் வைக்கிறார்கள் என்ற இரண்டையும் பார்த்துத்தான் பணம் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதை எப்படி அளப்பது, எப்படிக் கணக்குப் போடுவது, கவுன்சிலர்களும் மக்களும் ஏற்கும்படி எப்படி நிறைவேற்றுவது என்று கீழே சொல்லியிருக்கிறேன். வார்டு கமிட்டி உறுப்பினர்கள், குடியிருப்போர் நலச் சங்கத்தினர், மண்டல அலுவலகப் பொறியாளர்கள் என யாரும் இதைக் கையில் எடுக்கலாம். உதாரணங்கள் சென்னையுடையவை என்றாலும் கோவைக்கும் மதுரைக்கும் முறை ஒன்றேதான்.

சரிசமமாகக் கொடுத்தால் என்ன ஆகும்?

அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் 50 வார்டுகள். தெரு, நடைபாதை, தெருவிளக்கு வேலைகளுக்கு ஒவ்வொரு வார்டுக்கும் ஆண்டுக்கு 13.2 லட்சம் டாலர் என்று ஒரே தொகையைப் பல ஆண்டுகள் கொடுத்துவந்தார்கள். 2017-ல் அந்த நகரத்தின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் இதைத் தணிக்கை செய்தது. ஒரு வார்டில் எவ்வளவு சாலை இருக்கிறது, எவ்வளவு பழுதாகியிருக்கிறது என்பதற்கும் அந்த வார்டுக்குக் கிடைக்கும் பணத்துக்கும் தொடர்பே இல்லை என்று கண்டது. சில வார்டுகளுக்குத் தேவையில் கூடுதல் பங்கு கிடைத்தது. சில வார்டுகளில் அதே தொகை தேவையில் சிறு பகுதிக்கே போதுமானதாக இருந்தது.

சென்னையில் இந்தச் சிக்கல் இன்னும் ஆழமானது. 2011-ல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. சுற்றியிருந்த 42 உள்ளாட்சிகள் சேர்க்கப்பட்டு, 200 வார்டுகளும் 15 மண்டலங்களும் ஆயின. மயிலாப்பூரிலும் தி.நகரிலும் பல தலைமுறைகளாக நடைபாதை உண்டு. மணலியிலும் பெருங்குடியிலும் பல தெருக்களில் அது இருந்ததே இல்லை. இப்படிப்பட்ட ஊரில் ‘நடைபாதை நீளத்துக்கு ஏற்ப’ பணம் பிரித்தால், முன்பு கிடைத்தவர்களுக்கே மறுபடியும் கிடைக்கும்.

2014-ல் சென்னை மாநகராட்சி மோட்டார் அல்லாத போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக் கட்டமைப்பு நிதியில் 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் என்பது அதன் இலக்கு. நல்ல கொள்கைதான். மொத்தத்தில் எவ்வளவு என்பதை அது சொல்லிவிட்டது. அந்தப் பணம் ஊரின் எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பார்ப்பது நம் வேலை.

படி 1: எது யாருடைய பாதை?

சென்னையில் சாலைகள் ஒரே கையில் இல்லை. அண்ணா சாலை போன்றவை மாநில நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. மாநகராட்சியிலேயே பேருந்து செல்லும் சாலைகளுக்குத் தனித் துறை உண்டு; உட்புறத் தெருக்களை மண்டல அலுவலகங்கள் பார்க்கின்றன. பல இடங்களில் நடைபாதை என்று நாம் நடப்பது மழைநீர் வடிகாலின் மேல்மூடிதான். அது உடைந்தால் வடிகால் துறைக்கா, சாலைத் துறைக்கா என்று கோப்பு சுற்ற ஆரம்பிக்கும்.

ஆகவே முதல் வேலையாக, வார்டு வரைபடத்தில் ஒவ்வொரு தெருவுக்கும் பொறுப்பான துறையை நிறம் போட்டுக் குறியுங்கள். இதை ஜோனல் ஆபீஸில் உதவிப் பொறியாளரோடு உட்கார்ந்து ஒரு மாலையில் முடிக்கலாம். மாநகராட்சிக்குச் சொந்தமில்லாத சாலைகளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, அவற்றுக்குத் தனியாக மனு எழுதுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் கடைசியில் ஒதுக்கிய பணம் செலவாகாமல் திரும்பிப் போகும்.

படி 2: நிதியை மூன்றாகப் பிரியுங்கள்

பழுதுபார்ப்பு ஒரு தலைப்பு. நடைபாதையே இல்லாத தெருக்களுக்குப் புதிதாக அமைப்பது இன்னொரு தலைப்பு. திறந்த மேன்ஹோல், நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி போன்ற அவசர வேலைகளுக்குச் சிறிய மூன்றாவது தலைப்பு.

இந்தப் பிரிவினையை விட்டுவிட்டால் பின்னால் எந்தச் சூத்திரமும் உதவாது. பழுதை மட்டும் அளந்தால், இல்லாத நடைபாதைக்குப் பழுதும் இல்லை என்று கணக்கு வரும். சோழிங்கநல்லூர் பக்கத்து வார்டு பூஜ்யம் வாங்கும். புதிதாக அமைப்பதையும் அதிலேயே சேர்த்தால், ஒரு பெரிய புதுச்சாலை வேலை முழுப் பணத்தையும் விழுங்கிவிடும். எந்தத் தலைப்புக்கு எவ்வளவு என்பதை மாமன்றம் முதலிலேயே தீர்மானித்துவிட வேண்டும். வார்டு வாரியான கணக்கு வந்த பிறகு இந்த விகிதத்தை மாற்ற அனுமதிக்கவே கூடாது.

படி 3: நடந்து அளவெடுங்கள்

வழிகாட்டியின் உயிர் இதில்தான் இருக்கிறது. வண்டியில் போய்ப் பார்த்து நடைபாதையை மதிப்பிட முடியாது. இரண்டு பேர், ஓர் அளவுநாடா, ஒரு கைப்பேசி, ஒரு படிவம் போதும். பாதையை 50 மீட்டர் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் 1 முதல் 5 வரை தரம் கொடுங்கள்.

தரம் 1: சக்கர நாற்காலி தடையில்லாமல் போகும்.
தரம் 2: சிறு உடைப்பு; நடைக்கு இடைஞ்சல் இல்லை.
தரம் 3: கீழே பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும்.
தரம் 4: ஓரிடத்திலாவது சாலையில் இறங்கித்தான் போக முடியும்.
தரம் 5: விழுந்தால் கை கால் உடையும்.

அளவுகோலுக்கு இந்தியச் சாலைக் குழுமத்தின் ஐ.ஆர்.சி. 103 வழிகாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், நடைபாதை உயரம் சாலையிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. சரிவுப்பாதைக்கு 12-க்கு 1 என்ற விகிதம், அதாவது 12 பங்கு நீளத்துக்கு 1 பங்கு உயரம். மண்டலப் பொறியாளருக்கும் இதே எண்கள்தான் விதி என்பதால் பின்னால் வாக்குவாதம் வராது.

பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய ஒரு துண்டை எப்படி எழுதுவது என்று பாருங்கள். முதல் 8 மீட்டர் இன்டர்லாக் கல் சமமாக இருக்கிறது. 9-வது மீட்டரில் மின்வாரிய பில்லர் பாக்ஸ் (தெருவோர மின்விநியோகப் பெட்டி). பக்கத்தில் மிஞ்சும் அகலம் 60 சென்டிமீட்டர். 14-ல் கேபிள் பதிக்கத் தோண்டி மண்ணைப் போட்டு மூடிய பள்ளம். பெயர்த்த கற்கள் சுவரோரம் அடுக்கியபடி கிடக்கின்றன. 22-ல் வடிகால் சிலாப் மூலை உடைந்து கம்பி வெளியே தெரிகிறது. 30 முதல் 34 வரை ஒரு வீட்டுக் கார் ஏறும் சரிவு நடைபாதையைக் குறுக்கே வெட்டுகிறது. துண்டு முடியும் இடத்தில் இறங்கும் உயரம் 28 சென்டிமீட்டர். மூட்டுவலி உள்ள ஒரு பாட்டி இங்கே இறங்கவே மாட்டார்; தொடக்கத்திலிருந்தே சாலையோரமாகத்தான் நடப்பார். இந்தத் துண்டுக்குத் தரம் 5.

தரத்தோடு காரணத்தையும் எழுத வேண்டும். உடைப்பா, நிரந்தரத் தடையா, தற்காலிக ஆக்கிரமிப்பா? நிறுத்தி வைத்த பைக்குகளால் தரம் 4 ஆன துண்டுக்குக் கல் மாற்றிப் பயனில்லை. அங்கே தேவை போக்குவரத்துப் போலீஸ். பழுதுநிதிக் கணக்கில் உடைப்பும் நிரந்தரத் தடையும் மட்டுமே சேரும். பில்லர் பாக்ஸை நகர்த்த மின்வாரியத்தின் மதிப்பீடு தனியாக வாங்க வேண்டும் என்பதையும் அப்போதே குறித்து வையுங்கள்.

ஒரு வார்டை அந்த வார்டுக்காரர்கள் மட்டும் அளந்தால் தரம் கொஞ்சம் கூடுதலாகவே மோசமாகும். அது மனித இயல்பு. பக்கத்து வார்டிலிருந்து ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்தில் ஒரு துண்டை வேறொரு குழு மறுபடி அளக்கட்டும். இரண்டு தரங்களுக்கு மேல் வேறுபாடு வந்தால் அந்தத் தெருவையே திரும்ப அளக்க வேண்டும். முடிந்தால் பார்வையற்ற ஒருவரோடும், சக்கர நாற்காலி பயன்படுத்தும் ஒருவரோடும் சில துண்டுகளையாவது நடந்து பாருங்கள். பைக் ஏறாமல் தடுக்க நட்ட தூண்கள் சக்கர நாற்காலியையும் தடுத்து நிறுத்துவதை அப்போதுதான் கவனிப்பீர்கள்.

படி 4: யார் நடக்கிறார்கள்?

மக்கள்தொகையை வைத்துப் பிரிக்கலாமே என்பார்கள். மத்திய நிதிக்குழு உள்ளாட்சி மானியத்தைப் பிரிக்கும்போது மக்கள்தொகைக்குப் பெரிய பங்கு கொடுப்பது உண்மைதான். 15-வது நிதிக்குழு 90 சதவீத எடையை அதற்குத் தந்தது. ஆனால் நம்மிடம் கடைசியாக இருக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011-க்கு உரியது. பழைய மகாபலிபுரம் சாலையில் அதற்குப் பிறகு குடிவந்தவர்கள் அதில் இல்லை. மேலும், நடைபாதையைப் பயன்படுத்துபவர் அந்த வார்டில் குடியிருப்பவராகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ரங்கநாதன் தெருவில் நடக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த வார்டில் ஓட்டு இருக்கும்? பாரிமுனையிலும் கோயம்பேட்டிலும் இதே நிலைதான்.

அதனால் ஒவ்வொரு துண்டுக்கும் நடப்போர் எடை என்று ஒன்றைக் கொடுக்கிறோம். உட்புறக் குடியிருப்புத் தெருவுக்கு 1. பேருந்துச் சாலைக்கும், பள்ளி அல்லது ரேஷன் கடைக்குப் போகும் வழிக்கும் 2. அரசு மருத்துவமனை, ரயில் நிலையம், சந்தை வாசலுக்கு 3. சந்தேகம் வரும் இடங்களில் காலை 7.30-லிருந்து 9.30 வரை நின்று தலைகளை எண்ணுங்கள். சாலையில் இறங்கி நடப்பவர்களையும் சேர்த்து எண்ண மறக்காதீர்கள். நடைபாதை மோசமாக இருப்பதால்தானே அவர்கள் அங்கே இறங்கினார்கள்.

படி 5: கணக்கு

நான்கு கற்பனை வார்டுகளை எடுத்துக்கொள்வோம். கையில் 10 கோடி ரூபாய். புதிய நடைபாதைக்கு 2.5 கோடி, அவசர வேலைக்கு 50 லட்சம் போக, பழுதுக்கு மிச்சம் 7 கோடி.

‘அ’ வசதியான பழைய பகுதி: 14 கிலோமீட்டர் நடைபாதை. ‘ஆ’ சந்தையும் பேருந்து நிலையமும் உள்ள வார்டு: 9 கிலோமீட்டர். ‘இ’ வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளும் தொழிற்சாலைகளும் உள்ள பகுதி: 4 கிலோமீட்டர். ‘ஈ’ புதிதாகச் சேர்ந்த வார்டு: ஒரே ஒரு கிலோமீட்டர்.

நடைபாதை நீளத்தை வைத்துப் பிரித்தால் கிலோமீட்டருக்கு 25 லட்சம். ‘அ’ 3.5 கோடி, ‘ஆ’ 2.25 கோடி, ‘இ’ 1 கோடி, ‘ஈ’ 25 லட்சம். சரிசமம் என்றால் ஆளுக்கு 1.75 கோடி.

இப்போது அளவெடுப்பைக் கொண்டுவாருங்கள். தரம் 4, 5 வாங்கிய நீளத்தை மட்டும் எடுத்து, அந்தந்தத் துண்டின் எடையால் பெருக்க வேண்டும்.

‘அ’: பழுது 2 கி.மீ. அதில் 1.5 கி.மீ. எடை 1, 0.5 கி.மீ. எடை 2. மொத்தம் 2.5 புள்ளி.
‘ஆ’: பழுது 5 கி.மீ. அதில் 1 கி.மீ. எடை 1, 1 கி.மீ. எடை 2, 3 கி.மீ. எடை 3. மொத்தம் 12 புள்ளி.
‘இ’: பழுது 3 கி.மீ. அதில் 0.5 கி.மீ. எடை 1, 1 கி.மீ. எடை 2, 1.5 கி.மீ. எடை 3. மொத்தம் 7 புள்ளி.
‘ஈ’: இருக்கும் 1 கி.மீ. முழுவதுமே பழுது. பாதி எடை 2, பாதி எடை 3. மொத்தம் 2.5 புள்ளி.

நான்குக்கும் சேர்த்து 24 புள்ளி. 7 கோடியிலிருந்து வார்டுக்கு 25 லட்சம் அடிப்படைத் தொகையாக முதலில் கொடுத்துவிடுங்கள். மிச்சம் 6 கோடி. ஒரு புள்ளிக்கு 25 லட்சம் வருகிறது. ‘அ’ 87.5 லட்சம், ‘ஆ’ 3.25 கோடி, ‘இ’ 2 கோடி, ‘ஈ’ 87.5 லட்சம். கூட்டினால் 7 கோடி.

‘அ’வும் ‘ஈ’யும் ஒரே தொகை வாங்குவதைக் கவனியுங்கள். ஒன்றில் நடைபாதை 14 மடங்கு அதிகம். ஆனால் எடை போட்டுப் பார்த்த பழுது இரண்டிலும் சமம். இது போக, புதிய நடைபாதைக்கான 2.5 கோடியில் பெரும்பங்கு ‘ஈ’க்குப் போகும். சந்தை வார்டான ‘ஆ’ முதலிடத்துக்கு வந்துவிட்டது.

அடிப்படைத் தொகை எதற்கு என்று கேட்கலாம். எந்த வார்டும் வெறுங்கையோடு போகக் கூடாது. நல்ல பாதையையும் பராமரிக்காமல் விட்டால் சில மழைக்காலங்களில் அது தரம் 4-க்கு இறங்கிவிடும். ஆனால் இந்தத் தொகை மொத்தத்தில் ஐந்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மறுபடியும் சிகாகோ கதைதான்.

இன்னொரு விதியும் வேண்டும். ஒரு வார்டுக்கு வரும் தொகை அந்த வார்டின் மொத்தப் பழுது மதிப்பீட்டை மிஞ்சினால், மிஞ்சியது பொதுக் கணக்குக்குத் திரும்பி மற்ற வார்டுகளுக்குப் புள்ளிப்படி போக வேண்டும். இல்லாவிட்டால் நன்றாக இருக்கும் கல்லைப் பெயர்த்துவிட்டுப் புதுக் கல் பதிக்கும் வேலை நடக்கும். நாம் எல்லோரும் பார்த்த காட்சிதான் அது.

படி 6: வார்டுக்குள் எங்கே?

தொடர்ச்சியான வழியாக எடுங்கள். இங்கே 50 மீட்டர், அங்கே 80 மீட்டர் என்று சிதறச் சீரமைத்தால் நடப்பவர் இடையில் இறங்கியே ஆக வேண்டும். பேருந்து நிறுத்தத்திலிருந்து பள்ளி வாசல் வரை, ரயில் நிலையத்திலிருந்து சந்தை வரை என்று ஒரு முழு வழியைத் தொடக்கம் முதல் முடிவு வரை தரம் 1-க்குக் கொண்டுவாருங்கள். அடுத்த ஆண்டு அடுத்த வழி.

படி 7: புகார்களுக்கு அளவான இடம்

மாநகராட்சியின் 1913 உதவி எண்ணும் செயலியும் பயனுள்ளவை. ஆனால் புகார் எண்ணிக்கையை வைத்து ஆண்டு நிதியைப் பிரிக்கக் கூடாது. புகார் கொடுக்க நேரம் வேண்டும், பழக்கம் வேண்டும், பதில் வரும் என்ற நம்பிக்கை வேண்டும். விடியற்காலையில் காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகும் அம்மா தடுக்கி விழுந்தால், எழுந்து கூடையைத் தூக்கிக்கொண்டு நடப்பாரே தவிர, புகைப்படம் எடுத்து அனுப்ப மாட்டார்.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் பல பத்தாண்டுகள் நடைபாதைகளைக் கவனிக்காமல் விட்டது. மாற்றுத்திறனாளிகள் வழக்குத் தொடுத்தார்கள். 30 ஆண்டுகளில் சுமார் 140 கோடி டாலர் செலவிடுவதாக ஒப்புக்கொள்ளும் சமரசத்தில் போய் முடிந்தது. 2016-ல் நீதிமன்றம் அதை ஏற்றது. மாற்றுத்திறனாளிகளின் கோரிக்கைகளுக்கு அங்கே முன்னுரிமை உண்டு. அது சரியானதே, நம் அவசரத் தலைப்பிலும் அவர்கள் புகார் முதலில் வர வேண்டும். மற்ற புகார்களை, அளவெடுப்பில் விடுபட்ட துண்டைக் கண்டுபிடிக்கும் துப்பாக மட்டும் பயன்படுத்துங்கள்.

படி 8: நடைபாதை வியாபாரிகள்

சீரமைப்பு என்ற பெயரில் பூக்காரம்மாவையும் இட்லிக் கடையையும் விரட்டுவதற்கு இந்த நிதியைப் பயன்படுத்தவே கூடாது. 2014-ன் தெரு வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவைக் கலந்து இடம் ஒதுக்க வேண்டும். பல இடங்களில், மாலை மங்கியபின் பெண்கள் அச்சமில்லாமல் அந்தப் பாதையில் நடப்பதே அங்கே கடைகள் இருப்பதால்தான். 1.8 மீட்டர் நடக்க விட்டு, மீதியில் கடைக்குக் கோடு போட்டுக் கொடுங்கள். அகலம் போதாத இடத்தில் வாகன நிறுத்தத்தைக் குறைத்து நடைபாதையை அகலப்படுத்த முடியுமா என்று முதலில் பாருங்கள்.

படி 9: மக்கள் முன் வைத்து நிறைவேற்றுங்கள்

2022-ல் தமிழக அரசு கொண்டுவந்த விதிகளின்படி வார்டு கமிட்டிகளும், வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடும் ஏரியா சபைகளும் இருக்கின்றன. வரிசை முக்கியம். சூத்திரம், எடை, அடிப்படைத் தொகை ஆகியவற்றை முதல் கூட்டத்தில் தீர்மானமாக்குங்கள். அதன் பிறகே அளவெடுப்பு. தன் வார்டுக்கு எவ்வளவு வரும் என்று தெரிந்த பிறகு விதியைப் பேச ஆரம்பித்தால், ஒவ்வொருவரும் தனக்குச் சாதகமான விதியையே நியாயம் என்பார்.

அளவெடுப்பு முடிந்ததும் தெருப் பெயர், துண்டு எண், தரம், எடை, மதிப்பீடு, புகைப்படம் எல்லாவற்றையும் வார்டு அலுவலகச் சுவரில் தமிழில் ஒட்டுங்கள், இணையத்திலும் போடுங்கள். ஆட்சேபணைக்கு 15 நாள் கொடுங்கள். ‘எங்கள் தெரு ஏன் இல்லை?’ என்று வரும் ஒருவருக்குத் துண்டின் தரத்தைக் காட்டிப் பதில் சொல்ல முடிய வேண்டும். அவர் சொல்வது சரியென்றால் மறுபடி அளந்து திருத்துங்கள்.

ஒரு கவுன்சிலர் எதிர்ப்பார். அவர் வார்டுக்குக் குறைந்திருக்கும். அவரிடம் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்துச் சொல்லுங்கள்: தடையற்ற நடைபாதை, அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி. அந்த உரிமை நகரத்தின் ஒவ்வொரு மனிதருக்கும் உரியது, அவர் எந்த வார்டில் நடந்தாலும்.

படி 10: பணம் கைமாறிய பிறகு

கல் பதித்த மூன்றாம் மாதமே குடிநீர் வாரியமோ கேபிள் நிறுவனமோ தோண்டினால் இதுவரை செய்த கணக்கு அத்தனையும் வீண். ஒர்க் ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே, அடுத்த ஓராண்டில் அந்தத் தெருவில் ரோடு கட் (சாலையைத் தோண்ட அனுமதி) கேட்டு யார் விண்ணப்பித்திருக்கிறார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். விண்ணப்பம் இருந்தால் அவர்கள் தோண்டி முடித்த பிறகு வேலையை ஆரம்பியுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்குள் மூடாத பள்ளம் டிசம்பர் வரை தண்ணீருக்கடியில் ஒளிந்திருக்கும்.

வேலை நடக்கும்போது மூன்றைப் பாருங்கள்: கல்லுக்கு அடியில் மணல் படுகை இருக்கிறதா, தண்ணீர் வடிகாலை நோக்கிச் சாய்கிறதா, தெருமுனைச் சரிவு சாலையோடு ஒட்டி முடிகிறதா. பில் பாஸ் ஆவதற்கு முன் எம்-புக்கில் (செய்த வேலையின் அளவைப் பொறியாளர் பதியும் ஏட்டில்) எழுதிய நீளத்தை உங்கள் துண்டுக் கணக்கோடு ஒப்பிடுங்கள். ஒப்பந்ததாரரின் குறைதீர்ப்புக் காலம் எப்போது முடிகிறது என்பதைப் பலகையில் எழுதி வைத்தால், அதற்குள் கல் பெயர்ந்தால் அவர் செலவிலேயே சரி செய்ய வைக்கலாம்.

ஒரு வார்டு பணத்தைச் செலவழிக்க முடியாமல் போனால் காரணம் பார்த்து முடிவெடுங்கள். டெண்டருக்கு ஆளே வரவில்லை, நீதிமன்றத் தடை என்றால் தொகை அந்த வார்டுக்கே அடுத்த ஆண்டுக்குப் போகட்டும். மதிப்பீடே தயாரிக்கவில்லை என்றால் அந்தப் பணத்தை மற்ற வார்டுகளுக்கு மாற்றலாம். ஆனால் தரம் 5 துண்டுகளை மண்டல அலுவலகம் நேரடியாக எடுத்துச் செய்ய வேண்டும். அதிகாரியின் தாமதத்துக்கு அந்த வார்டில் நடப்பவர்கள் விலை கொடுக்கக் கூடாது.

ஒவ்வோர் ஆண்டும் தரம் 3, 4, 5 துண்டுகளை மட்டும் திரும்ப அளந்தால் போதும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை முழு வார்டையும் அளக்கலாம். மெட்ரோ நிலையம் திறந்தாலோ பேருந்து நிலையம் இடம் மாறினாலோ சுற்றுவட்டாரத் துண்டுகளின் நடப்போர் எடையை அந்த ஆண்டே மாற்றி, புதிய புள்ளிகளை பட்ஜெட் தயாரிப்பு தொடங்கும் முன் மண்டல அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.